கடலைப் பார்த்துத் திரும்பியிருந்த கேமராக்கள்

கட்டுப்பாட்டு அறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

இதை எழுத உட்காருவதும், நாலு வரி எழுதிவிட்டு எழுந்து போய்விடுவதுமாகவே பல வருஷம் ஓடிவிட்டது. நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்து கைக்கு வராது என்பது ஒரு காரணம். எழுதினால் சுயபுராணம் பாடுவதுபோல் ஆகிவிடுமோ என்கிற கூச்சம் இன்னொன்று. எல்லாவற்றையும்விட, ஒரு குடும்பத்துக்கு உயிர் போய் உயிர் வந்த ஒரு காலைப்பொழுதை நான் எடுத்துப் பேசலாமா என்பதுதான் என்னைத் தடுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தக் குடும்பத்துப் பெண்ணையே போய்ப் பார்த்துக் கேட்டேன். "எழுதேண்ணா, எங்க பேர மட்டும் மாத்திடு" என்றது. மாற்றிவிட்டேன். இன்றைக்குக் காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போதும் இருப்புக் கொள்ளவில்லை. நடுவில் எழுந்து போனாலும் திரும்பி வந்து முடித்துவிடுவேன்.

நான் முதலில் கேபிள் டி.வி.க்கு ஒயர் இழுத்தவன். பிறகு கேமரா மாட்டப் போனேன். அப்புறம் மாமல்லபுரத்துக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்தார்கள். ஷிப்டுக்குப் பொறுப்பாளர் ஆகி அங்கேயே ஓய்வும் பெற்றேன். வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். சுவர் முழுக்க ஓடும் படங்கள். அவற்றோடு வாசலில் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்கிற எண்ணிக்கை, வாகன நிறுத்தத்தில் வண்டிகளின் நம்பர், மழைமானி, அலைமானி என்று பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும் கணக்குகள். சிறுசேரிக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்த மென்பொருளில் கேள்வியைத் தட்டினால் படங்களையும் கணக்குகளையும் சேர்த்துத் துழாவிப் பதில் கொடுக்கும். எப்படித் தட்டுவது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பதில் வந்த பிறகு மனசு படும் பாட்டைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

பெரிய கதைக்கு முன்னால் ஒரு சின்னக் கதை.

அப்போது மதுராந்தகம் ஏரியின் மதகுக் கேமராவும் எங்கள் பொறுப்பில்தான் இருந்தது. ஐப்பசி மாதம். ஏரியில் நீர்மட்டம் ஏறுகிறது, மழை கொட்டுகிறது என்று மானி சொல்கிறது. படத்திலோ நல்ல வெளிச்சம், தண்ணீர் சலனமில்லாமல் கிடக்கிறது, மதகுச் சுவரில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. "மானி ரிப்பேரு" என்றேன் நான். பக்கத்தில் இருந்தவர், "தோ பாரு, கொக்கு தவம் பண்ணிகினு கீது" என்று சிரித்தார். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு அம்மா, அணுபுரத்திலிருந்து வந்துபோவார். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மானி ரிப்பேராவே இருக்கட்டும். அந்தக் கொக்குக்குப் பசிக்கவே பசிக்காதா?" என்றார்.

ஏரிக்கரைக் காவலருக்குப் போன் போட்டோம். "இன்னா சார் கேக்குற? கொட்டு கொட்டுனு கொட்டுது, ஒண்ணும் காதுல வுழல" என்று கத்தினார். படம் எப்போதோ உறைந்துபோயிருக்கிறது. மூலையில் மணி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அந்த மணியை எழுதுவது எங்கள் சர்வர், கேமரா இல்லை. உறைந்த படமும் அமைதியான ஏரியும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும். படம் ஒன்று சொல்லி மானி வேறு சொன்னால், இரண்டில் எதையும் நம்பாமல் அந்த இடத்தில் நிற்கிற ஒரு ஆளைக் கேளுங்கள். அந்த அம்மா இதை வாயால் சொல்லித்தரவில்லை. போனை எடுத்து என் கையில் திணித்தார், அவ்வளவுதான்.

இனி மாசி மகம்.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரை எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கெங்கிருந்தோ சனங்கள் வந்து புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டு, மணலைப் படிகளாகப் பிடித்து வைத்துக் கன்னியம்மனைக் கும்பிட்டு, கடலில் குளித்துவிட்டுப் போவார்கள். எனக்கும் அது பக்தியான நாள்தான். ஆனால் வேலையில் இருக்கிறவன் அன்றைக்குத் திரையை விட்டு நகர முடியாது. யாராவது அலையில் போய்விடக் கூடாதே என்பதுதான் எல்லோருடைய பயமும். அதனால் திருப்பக்கூடிய கேமராக்கள் அத்தனையையும் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். யாரும் மறுத்துப் பேசவில்லை. எது பயமோ அதைத்தானே பார்ப்போம்.

பொழுது நன்றாக விடிந்து கூட்டம் நெரியத் தொடங்கியிருந்தது. ஒரு பெண் கைகளில் இரண்டு பைகளோடு அறை வாசலில் வந்து நின்றது. கூட ஒரு போலீஸ்காரர். பெயர் மல்லிகா. மதுராந்தகத்துக்கு அப்பால் ஊர், சிறுசேரியில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை. புருஷன் ஏழுமலை, அரிசி ஆலையில் காவல்காரர். குளிக்கப் போனவரைக் காணோம். செல்போன், மாத்திரை எல்லாம் பையில்தான் இருக்கிறது.

"இன்னா மாத்திர?" என்று கேட்டேன்.

"வலிப்புக்கு. வேளா வேளைக்குப் போடணும். காலைல போடல. குளிச்சுட்டு வந்து துன்னுட்டு போட்டுக்கறேன்னு போச்சு."

வலிப்பு என்றதும் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தண்ணீரில் நிற்கும்போது வலிப்பு வந்தால் முழங்கால் ஆழமே போதும்.

அன்றைக்கு சிறுசேரியிலிருந்து ஜெனிபர் என்கிற பெண் எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். செங்கல்பட்டுப் பெண், அந்த மென்பொருளை எழுதியவர்களில் ஒருவர். கெட்டிக்காரி. "என்ன போட்டிருந்தாருக்கா?" என்று கேட்டார். நீலச் சட்டை, கட்டம்போட்ட லுங்கி என்று பதில் வந்தது. தட்டினார். கொஞ்ச நேரத்தில் படம் வந்து நின்றது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் கூட்டத்தோடு அலைக்குள் இறங்குகிறார். "அவருதான்!" என்றது மல்லிகா. குனிகிறார். ஒரு அலை வருகிறது. பின்னாலிருந்து ஒரு கும்பல் வந்து மறைக்கிறது. அதோடு சரி.

ஜெனிபர் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "அண்ணா, உள்ள போறது வருது. வெளிய வர்றது வரலை" என்றார்.

மெதுவாகச் சொன்னாலும் மல்லிகாவுக்குக் கேட்டுவிட்டது.

காவல் ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு அவரிடம் ஆட்கள் போதவில்லை. பாதிப் பேர் தண்ணீர் ஓரத்தில், பாதிப் பேர் மேலே கரையில். குப்பத்துப் படகுக்காரர் சேகரைப் போனில் பிடித்தார்.

"அலை தூக்கிகினு கீது சார். ஒரு ஆள்னா போய்த்தான ஆவணும். ரெண்டு படகு எறக்குறேன்" என்றார் சேகர்.

அலைமானியில் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. நான் உட்காருவேன், எழுந்திருப்பேன், திரையருகே போவேன், திரும்புவேன். சாமியை நினைத்தால் பெயர்கூட நாக்கில் வரவில்லை. படகுகள் அலையில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சேகரிடமிருந்து ஆய்வாளரின் போனுக்கு ஒரு படம் வந்தது. தண்ணீரில் மிதந்த நீலச் சட்டை.

மல்லிகா போனை வாங்கிப் பார்த்தது. காலரில் வேறு நிற நூலில் தைத்திருந்தது. "நான்தான் தச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தது. அழவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணா, இத்தினி டிவி வச்சிகினு கீறீங்களே. அவரு கீறாரா இல்லியா, அத்த மட்டும் சொல்லு" என்றது.

இருபது வயதில் ஒயர் இழுக்கப் போனதிலிருந்து என்னை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஆய்வாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "சொல்லிடுங்க. உள்ள போனது தெரியுது, வெளிய வரலை, சட்டை கிடைச்சிடுச்சு. கடல்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, கரைல நிக்கிற ஆளுங்களையும் தண்ணி ஓரத்துக்கு இழுத்துடுவேன். சும்மா பரப்பிவிட்டு என்ன பிரயோஜனம்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நானும் 'ஆமாம் ஐயா' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லிவிட்டால் இந்தப் பரபரப்பு அடங்கும், பொறுப்பு என் தலையிலிருந்து இறங்கும் என்று இருந்தது. பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். எல்லாக் கணக்கும் ஒரே பக்கம் சாயும்போது பதில் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு அரிப்பு வரும். அது உண்மை தெரிந்துவிட்டதால் வருகிற அவசரம் இல்லை. நமக்கு இருப்புக் கொள்ளாததால் வருகிற அவசரம்.

வாய் திறந்தபடியே திரையைப் பார்த்தேன். அலை ஓரத்தில் துணிகள் புரண்டுகொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை. வேட்டி, சட்டை, பாவாடை. காலையிலிருந்து அதைக் குப்பை என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான். சட்டென்று மல்லிகாவிடம் திரும்பினேன்.

"ஏம்மா, சும்மா குளிக்க வந்தாரா? வேண்டுதலா?"

"வேண்டுதல்தான். வலிப்பு போவணும்னு எங்கூர்ல குறி கேட்டோம். மாசி மகத்துக்குக் கடல்ல முழுக்குப் போட்டுட்டு, கட்டிகினு கீற துணிய கடலுக்கே வுட்டுட்டு, புதுத்துணி கட்டிகினு, திரும்பியே பாக்காம போய்டணும்னு சொன்னாங்க."

ஜெனிபர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அந்தச் சட்டையக் கழட்டிப் போடறதுக்குன்னே வந்திருக்காரு. நான் அதையே போட்டுத் தேடிட்டிருக்கேன்."

"புதுத்துணி இன்னா கலரும்மா?"

"தெர்லண்ணா. கூடப் பொறந்தவதான் குடுக்கணும்னு அவங்க அக்கா கொண்டாந்து அவரு கைல குடுத்துட்டு ஊருக்குப் போய்ச்சு. என்னிய, பொம்பள வரக் கூடாது, பையோட அந்தாண்டியே நில்லுன்ட்டாங்க. கூட்டத்துல நான் நவுந்துகினே எங்கியோ போய்ட்டேன்."

அக்காவுக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். எங்கே போக வேண்டும்? கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக நடக்க வேண்டும். மனைவி எந்தப் பக்கம் நின்றாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அந்த மனிதர் திரும்பியிருக்க மாட்டார். கரை, அதைத் தாண்டி வாகன நிறுத்தம், அதையும் தாண்டிச் சவுக்குத் தோப்பு. எங்கள் கேமராக்கள் எல்லாம் அந்தத் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

"அந்தப் பக்கம் நமக்குக் கண்ணே இல்லையே" என்றேன்.

"ஒண்ணு இருக்குண்ணா" என்றார் ஜெனிபர். "பார்க்கிங்ல வண்டி நம்பர் படிக்கிறது. அது நமக்கு நம்பர மட்டும்தான் அனுப்புது, அதனால தேடலுக்குள்ள அது கேமராவாவே சேரலை. ஆனா படம் எடுக்காம நம்பர் படிக்க முடியாதுல்ல? படம் அந்தக் கேமராவோட பெட்டியிலயே பதிவாகி இருக்கும். இழுத்துப் பாக்கறேன்."

இது எனக்குத் தோன்றியிருக்காது. வருஷக்கணக்காக அதை ஒரு கணக்கு என்றே நினைத்திருந்தேன்.

ஆய்வாளர் பொறுமையிழந்துவிட்டார். "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்."

"ஐயா, கடல்ல இருக்காருன்னும் எனக்குச் சொல்லத் தெரியல, இல்லன்னும் சொல்லத் தெரியல. படகு தேடட்டும், நிறுத்த வேணாம். ஆனா கரைல இருக்கிற ஆள எடுத்துடாதீங்க."

"தெரியலைன்னு சொல்றதுக்கு எதுக்குய்யா சுவரு முழுக்க டிவி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். ஆனாலும் ஆட்களை நகர்த்தவில்லை. அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

பெட்டியிலிருந்து படம் வரும்வரை திரையருகிலேயே நின்றேன். வந்த படத்தைப் பார்த்ததும் மனசு விட்டுப்போனது. நம்பர் பலகையைப் பார்க்கத் தாழ்வாகச் சாய்த்து மாட்டிய கேமரா அது. வண்டிகளின் முன்பக்கமும், ஊடே நடக்கிறவர்களின் கால்களும்தான் தெரிந்தன. முகம் இல்லை, இடுப்புக்கு மேலே எதுவும் இல்லை. மனிதரைத் தேடும் மென்பொருளுக்கு அதில் ஒரு மனிதர்கூடக் கிடைக்கவில்லை.

"வேகமா ஓட்டறேன்க்கா, கொஞ்சம் பாருங்க" என்றார் ஜெனிபர். மல்லிகா பைகளைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்டே போய் நின்றது. கால்கள், கால்கள். கொலுசு போட்டவை, ஷூ போட்டவை, மணல் ஒட்டியவை. ஆய்வாளர்கூடத் திரையை நோக்கிக் குனிந்தார்.

"நிறுத்து!"

பச்சைக் கரை வேட்டி, மடிப்புக்கூடக் கலையாத புது வேட்டி. கீழே ஈரக் கால்கள், செருப்பில்லை. வலது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பி விழுகிறது.

"அவருதான்" என்றது மல்லிகா.

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா. கால்தானே தெரியுது" என்றார் ஆய்வாளர்.

"கண்ணாலம் கட்டிகினதுலர்ந்து அந்தக் காலு பின்னாடிதான சார் நடந்துகினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

கால்கள் வண்டிகளைக் கடந்து தோப்புப் பக்கம் போயின. ஜெனிபர் படத்தை முழுக்க ஓட்டிப் பார்த்தார். திரும்பி வரவில்லை. ஆய்வாளர் வயர்லெஸ்ஸில் பேசி முடிப்பதற்குள் மல்லிகா மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடிவிட்டது. நானும் அறையைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். விதிப்படி அது தப்பு. இருக்க முடியவில்லை.

தோப்புக்கு நடுவே, நிழல் விலகி வெயில் விழுந்த ஒரு இடத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். வாயோரத்தில் ரத்தம், கன்னமெல்லாம் மணல். கரையில் நின்ற போலீஸ்காரர் இருவர் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்து அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மூச்சு இருந்தது. வலிப்பு வந்து விட்டு, மறுபடியும் வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் வெயில் ஏறியிருந்தால் சொல்வதற்கில்லை என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

ஆம்புலன்ஸ் அருகே கண் விழித்தவர், மல்லிகாவைப் பார்த்து, "நாஸ்தா துன்னியா?" என்று கேட்டார். அப்போதுதான் அந்தப் பெண் அழுதது.

கரையேறி வந்திருந்த சேகர், உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட, "யோவ் அண்ணாத்த, உன்னத் தேடிகினு நண்டு வளையெல்லாம் தட்டிப் பாத்துட்டேன்யா. பேஜாரு பண்ணிட்டியே!" என்று கத்தினார். கத்தின கையோடு அவரே திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நடந்தது இவ்வளவுதான். பிறகு இது பல வாய் மாறிவிட்டது. மென்பொருள் கம்பெனிக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டியபோது, கடலில் காணாமல் போனவரை மென்பொருள் ஒரே தேடலில் கண்டுபிடித்ததாக இருந்தது. அப்படிச் சொல்லாதீர்கள் என்று ஜெனிபர் அன்றைக்கே சண்டை போட்டார். ஊரில், கன்னியம்மனே நேரில் வந்து வழிகாட்டினாள் என்கிறார்கள். அம்மன் துணையில்லாமல் அவர் பிழைத்திருக்க முடியாது என்று நானும் நம்புகிறேன். அதை என் வீட்டு விளக்குக்கு முன்னால் சொல்லிக்கொள்கிறேன், உங்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கும்போது சொல்ல மாட்டேன்.

போன மாதம் அந்த அறைப் பக்கம் போயிருந்தேன். நான் யாரென்று தெரியாமல் புதுத் தம்பி ஒருவர் இந்தக் கதையை எனக்கே சொன்னார். "ஒரே கிளிக்ல ஆளைப் புடிச்சிடுச்சு சார். அதனால இப்பல்லாம் நாங்க தேடிப் பாத்து வரலைன்னா, ஆள் இங்க இல்லைன்னு அனுப்பிடுவோம்" என்றார். நல்ல பிள்ளைதான், உபசாரமாகத் தண்ணீர்கூடக் கொடுத்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எந்தத் தேடல் அவரைக் கடலுக்குள் தள்ளிவிட்டு விஷயத்தையே மூடப் பார்த்ததோ, அதையே காப்பாற்றியதாகச் சொல்லி, அதை நம்பி வாசலில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், ஆனால் அழகு பண்ணாமல் சொல்லுங்கள். நாங்கள் தப்பான சட்டையைத் தேடியதை விட்டுவிடாதீர்கள். இரண்டு படகு வீணாக அலையில் அலைந்ததை விட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரியவில்லை என்று நான் சொன்னதை, தெரிந்து சொன்னதாக ஆக்காதீர்கள். காலைப் பார்த்து ஆளைச் சொன்னது அந்தப் பெண். அதைத் தூக்கிக் கேமராவுக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்கும் ஒருநாள் யாராவது கையில் பையோடு வந்து, இருக்கிறாரா இல்லையா என்று கேட்பார்கள். அன்றைக்கு உங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கிறவருக்கு இந்தக் கதை நடந்தபடியே தெரிந்திருக்க வேண்டும்.